டெல்டா ஊர்களில் வெப்சைட் செய்து தருபவருக்கு: படம், எழுத்து, பணம்

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர். வேர்ட்பிரஸ், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரியும். கையில் மூன்று வேலை: சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் சிற்பக்கூடம், திருநள்ளாறில் ஒரு லாட்ஜ், திருத்துறைப்பூண்டியில் பாரம்பரிய அரிசி விற்பவர். "எத்தனை தடவை மாற்றிக் காட்டினாலும் 'என்னமோ குறையுது' என்கிறார்கள். எந்த டெக்னிக்கைக் கற்றுக்கொண்டால் ஒரே தடவையில் சரி என்பார்கள்? பணத்தை எப்படிக் கேட்பது? மூன்றில் எதை முதலில் முடிப்பது?" என்பது கேள்வி.

தம்பி, அப்படி ஒரு டெக்னிக் கிடையாது. 'என்னமோ குறையுது' என்று கிளையன்ட் சொல்லும்போது பெரும்பாலும் அங்கே குறைவது டிசைன் இல்லை, அவருடைய விஷயம். தீமோடு, அதாவது ஆயத்த வடிவமைப்போடு, வந்த வெளிநாட்டுப் படங்களையும் பொருளில்லாத நிரப்பு வரிகளையும் வைத்து முகப்பைக் காட்டினால் அதில் அவருக்குத் தன் கடை தெரியாது. எதை மாற்றச் சொல்வது என்றும் தெரியாது. அதனால் கலரை மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார். நீங்களும் மாற்றுவீர்கள். மறுபடியும் குறையும். சரக்கு கைக்கு வரும்முன் அலமாரியை அடிப்பதால் வரும் தகராறு இது. படம், விலை, விவரம், எழுத்து நான்கும் கைக்கு வராமல் முகப்பை வரையவே வரையாதீர்கள்.

இதை எப்படிச் சேகரிப்பது? 'கன்டென்ட் அனுப்புங்க சார்' என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் வராது. அவர்களுக்கு எழுதி அனுப்பும் பழக்கம் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். அதனால் கடைக்குப் போய் அரை நாள் உட்காருங்கள். போன் வரும்போது எதிர்முனையில் என்ன கேட்கிறார்கள், இவர் என்ன பதில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விதான் முகப்பில் இருக்கவேண்டியது. எப்போதாவது வருவது உள்பக்கத்துக்குப் போகலாம். யாருமே கேட்காததை, 'எங்கள் தொலைநோக்கு' மாதிரி சங்கதிகளை, விட்டுவிடலாம்.

சுவாமிமலையில் உட்கார்ந்தால் என்ன காதில் விழும்? எத்தனை அங்குலம், எத்தனை கிலோ, கனமாக வார்த்ததா உள்ளே பொள்ளலா, எவ்வளவு நாளாகும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா. அந்தக் கடைசிக் கேள்விக்கே தனிப் பக்கம் வைக்கலாம். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை நாட்டைவிட்டுப் போக முடியாது. அதனால் புதிதாக வார்த்த சிலை என்றாலும் இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்புவது வழக்கம். வெளிநாட்டில் இருந்துகொண்டு சிலை வாங்குகிறவருக்கு இதுதான் பெரிய பயம். அந்த நடைமுறையைப் பத்து வரியில், ஸ்தபதி சொல்கிறபடியே எழுதிவைத்தால், எந்த அனிமேஷனும் தராத நம்பிக்கையை அது தரும். அப்புறம் வேலை நடக்கும் விதம்: மெழுகில் உருவம் பிடிப்பது, காவிரி வண்டல் மண்ணால் மூடுவது, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவது, கடைசியில் உளிவேலை. இதெல்லாம் ஸ்தபதிக்கு அன்றாடம் என்பதால் படம் எடுக்கத் தோன்றாது. நீங்கள்தான் எடுக்கவேண்டும்.

திருநள்ளாறு லாட்ஜில் கேள்விகளே வேறு. கோயிலுக்கு நடந்து போகலாமா, நள தீர்த்தம் எவ்வளவு தூரம், வேன் நிறுத்த இடம் உண்டா, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தால் ரூம் கிடைக்குமா, விடியற்காலை வெந்நீர் வருமா, ஒரு ரூமில் ஆறு பேர் தங்கலாமா. சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பி ஓடும் தொழில் அது. சனிப்பெயர்ச்சி சமயத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே வாடகை, தூரம், பார்க்கிங், செக்-இன் நேரம் எல்லாம் போனைத் திறந்ததும் முதல் திரையிலேயே தெரியவேண்டும். இன்னொன்று: திருநள்ளாறு காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி யூனியன் பிரதேசம். முகவரியில் தமிழ்நாடு என்று பழக்கதோஷத்தில் அடித்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணும் தமிழ்நாட்டுக்கான 33 என்று இல்லாமல் 34 என்று தொடங்கும்.

அரிசிக்காரரிடம் பச்சரிசியா புழுங்கலா, எவ்வளவு நேரம் ஊறவைக்கவேண்டும், புது அரிசியா பழசா, வண்டு வருமா என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, பூங்கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஊறும் நேரம், தண்ணீர் அளவு, எதற்கு ஏற்றது என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். திருத்துறைப்பூண்டிக்காரர் என்றால், பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் பெயரும் அங்கே நடக்கும் நெல் திருவிழாவும் பேச்சில் தானாக வரும். ஜெயராமனோடு இவருக்கு உண்மையிலேயே தொடர்பு இருந்திருந்தால் மட்டும் எழுதுங்கள். 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று போடச் சொல்வார். போடாதீர்கள். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் வருட விதிமுறைகள் தடுக்கின்றன. வீண் வம்பு. அந்த ஆணையம் தரும் 14 இலக்க உரிம எண்ணைத் தளத்தின் அடிப்பகுதியில் தெளிவாகப் போடுவது அதைவிட உருப்படியான காரியம்.

அவர் இணையத்திலேயே பணம் வாங்கி விற்கப்போகிறார் என்றால் 2020ஆம் வருட மின்வணிக விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, தொடர்பு எண், குறைகளைக் கேட்பவர் யார் என்பதெல்லாம் தளத்தில் இருக்கவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'வந்தது' என்றாவது பதில் போகவேண்டும். பேமெண்ட் கேட்வே, அதாவது தளத்தில் பணம் வாங்கும் வசதி, கொடுப்பவர்களும் பணம் திருப்பும் விதி, தனியுரிமை, டெலிவரி பற்றிய பக்கங்கள் இல்லாமல் கணக்கை இயக்கித் தரமாட்டார்கள். இந்தப் பக்கங்களையும் எண்ணித்தான் விலை சொல்லவேண்டும்.

இனி எழுத்து. நம் ஊர் வேலையில் நேரத்தை அதிகம் தின்பது இதுதான், ஆனால் எந்த ஆங்கிலப் பாடத்திலும் இது வராது. கிளையன்ட் கொடுக்கும் தமிழ் பெரும்பாலும் நோட்டீஸ் அடித்த டிடிபி கடையிலிருந்து வரும், பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில். அதை எல்லா போனிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. 'கௌரி' என்பது 'கெளரி' ஆகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது எகரக் குறியும் ளகரமும். தேடுகிறவருக்குச் சிக்காது, பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் திரை வாசிப்பான் தப்பாகப் படிக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நோட்டீஸையே படமாக ஒட்டிவிடுவது இன்னும் மோசம். யாராலும் அதிலிருந்து ஒரு எண்ணைக்கூட நகலெடுக்க முடியாது.

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ஈகாரச் சுழி மேலே ஏறும், ஊகாரம் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் போட்டால் இரண்டு வரிகள் ஒன்றோடொன்று முட்டும். எழுத்தளவில் 1.6 அல்லது 1.7 மடங்கு வரி உயரம் வையுங்கள். அளவு 17, 18 பிக்சலுக்குக் குறையவேண்டாம், நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கண்ணாடியைத் தேடுகிற வயதுக்காரர்கள். சாய்வெழுத்து தமிழில் வேண்டவே வேண்டாம். தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த எழுத்துருவிலேயே தடித்த வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிரௌசர் தானாகத் தடிமனாக்கி, புள்ளியையும் சுழியையும் அப்பிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை, பல தடிமன்களில் உண்டு. ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போதும். பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் குறிப்பிட மறக்காதீர்கள். வேர்ட்பிரஸ் அமைப்பில் தளத்தின் மொழியை மாற்றாவிட்டால் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே இருக்கும்.

பட்டனில் 'முன்பதிவு செய்துகொள்ளுங்கள்' என்று எழுதினால் சின்னப் போனில் அது இரண்டு வரியாக உடையும். 'ரூம் புக்கிங்' என்றே போடலாம், எல்லாருக்கும் புரியும். மெனுவிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஐந்து சொல் அடங்குகிற மெனுவில் தமிழில் மூன்றுதான் அடங்கும், அதற்கேற்ப மெனுவையே சுருக்கவேண்டும். ஒன்று மட்டும்: அரிசி, ஊர்ப் பெயர்களை மக்கள் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் தட்டித் தேடுவார்கள். தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை இருக்கட்டும்.

நிறத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றே: தங்கக் கலர். கோயில் ஊர் இல்லையா. வெள்ளையிலோ சந்தன நிறத்திலோ பொன்னெழுத்து. லேப்டாப்பில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு இருக்கவேண்டும் என்பது எல்லாராலும் படிக்க முடியவேண்டும் என்று உலக அளவில் ஏற்றுக்கொண்ட அணுகல் விதி. வழக்கமான தங்க நிறம் வெள்ளைமேல் 2.1 வரைதான் வரும். சன்னதித் தெருவில் உச்சி வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அரக்குச் சிவப்பு அதே வெள்ளைமேல் 10ஐத் தாண்டும். எழுத்தை அரக்கில் வைத்து, தங்கத்தைக் கோட்டுக்கும் ஓரத்துக்கும் கொடுத்துவிடுங்கள், அவரும் கோணமாட்டார். வாதாடவேண்டாம், அவரை வாசலுக்குக் கூட்டிப்போய் அவர் போனிலேயே காட்டுங்கள். வேலை முடிந்துவிடும்.

படத்துக்கு வருவோம். வெண்கலத்தை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும், முகம் போய்விடும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் தாழ்வாரத்தில், பின்னால் கறுப்புத் துணியோ சாம்பல் நிறத் துணியோ கட்டி, முன், இரண்டு பக்கம், பின், பீடம், முகம் மட்டும் என்று எடுங்கள். பின்பக்கத்தை விடாதீர்கள். பணம் கொடுத்து வாங்குகிறவர் சிலையைத் திருப்பித்தான் பார்ப்பார். போனில் எடுத்த நாலைந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் நகராது. 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்தில் மாற்றினால் 200 கேபிக்குள் வந்துவிடும். போனின் சின்னத் திரைக்குச் சின்னப் படமே போகும்படி செய்யுங்கள். பக்கத்தில் கீழே இருக்கும் படங்கள், பார்ப்பவர் அங்கே வரும்போது திறந்தால் போதும், முதல் படத்தை அப்படிச் செய்யக்கூடாது. முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படத்தின் அகல உயரத்தைக் கோடில் எழுதிவிட்டால், படிக்கும்போது பக்கம் குதிக்காது. தொடப்போன பட்டன் நழுவாது.

லாட்ஜ் அட்வான்ஸுக்கு க்யூஆர் படத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்கள் பலர். பார்க்கிறவர் கையில் இருப்பது ஒரே ஒரு போன். அதன் திரையில் இருப்பதை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்? யுபிஐ ஐடியை ஒரே தட்டலில் நகலெடுக்கும் பட்டன் வையுங்கள். அழைக்க, வாட்ஸ்அப், வழி காட்டு என்று மூன்று பட்டன்கள் திரையின் அடியில் எப்போதும் நிற்கட்டும், விரல் வைக்க வசதியான அளவில். அப்புறம், பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கவேண்டும் என்று யாராவது கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். பார்ப்பவர் தொடாமல் தானாக ஒலி எழுப்புவதை 2018லிருந்தே குரோம் தடுக்கிறது. 'பிரௌசர் விடாதுங்க' என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள்.

கிளையன்டோடு பழகுவதில் பாதிச் சிக்கல், 'சரி' சொல்ல யாருக்கு அதிகாரம் என்று தெரியாததால் வருவது. இங்கே தொழில் எல்லாம் குடும்பத் தொழில். கடையில் அண்ணன் உட்காருவார், கணக்கு தம்பியிடம், எல்லாம் முடிந்த பிறகு டல்லாஸிலோ துபாயிலோ இருக்கும் மகன் பார்த்துவிட்டு 'இது பழைய ஸ்டைல்' என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, முதல் நாளே அவரை வீடியோ காலில் கூப்பிட்டிருக்கவேண்டும். முதல் சந்திப்பிலேயே, 'அய்யா, கடைசியில் யார் சரின்னா சரி?' என்று கேட்டுவிடுங்கள். கருத்து பத்துப் பேர் சொல்லட்டும், உங்களுக்கு வருவது ஒருவர் வழியாகத்தான் வரவேண்டும்.

மூன்று மாதிரி காட்டாதீர்கள். மூன்று காட்டினால் இதில் தலை, அதில் கால் என்று நாலாவது ஒன்று கேட்பார்கள். உண்மையான படமும் விலையும் போட்ட ஒரே பக்கத்தைப் போனில் காட்டுங்கள். 'பிடித்திருக்கா' என்று கேட்கவேண்டாம். கடையில் வேலை செய்யும் பையனிடமோ அவர் வீட்டம்மாவிடமோ போனைக் கொடுத்து, 'ஏசி ரூம் வாடகை எவ்வளவுன்னு பாருங்க' என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தைக் கிளையன்டே கூடநின்று பார்ப்பார். அதற்கப்புறம் நடக்கும் பேச்சு கலரைப் பற்றி இருக்காது. வேறு ஒரு ஹோட்டல் தளத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்றால், அதில் எது பிடித்தது என்று சொல்லவையுங்கள். முக்கால்வாசி நேரம் படங்கள்தான் பிடித்திருக்கும்.

பணம். இங்கே வாய்ப்பேச்சுதான் வழக்கம், ஒப்பந்தம் என்றால் முகம் மாறும். ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் புரூஃப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டுத்தருவது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். அதே பெயரில் கேளுங்கள். ஒரு பக்கத்தில், தமிழில் எழுதுங்கள்: எத்தனை பக்கங்கள், படமும் விவரமும் யார் தருவது, எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. அட்வான்ஸ் நாற்பது சதவீதம், முகப்புக்குச் சரி சொன்னதும் முப்பது, தளத்தை அவருடைய சொந்த டொமைனுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, மாற்றும்முன் மீதி முப்பது. கடைசித் தவணையை 'முடிந்த பிறகு' என்று விடாதீர்கள். முடிவு என்பது அவரவர் கணக்கில் வேறு. போனில் பேசியதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பி 'சரிங்களா' என்று கேட்டுவையுங்கள்.

இன்னொரு வரியும் அதில் வேண்டும். ஊழியராக இல்லாமல் வெளியாளாக நீங்கள் எழுதும் கோடுக்கு, 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள்தான் முதல் உரிமையாளர். எழுத்தில் மாற்றித்தந்தால்தான் அது கிளையன்டுக்குப் போகும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முழுப் பணமும் வந்ததும் உரிமை முழுதும் அவருக்கு என்று எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் பில்லில் வரி போட்டு வாங்கக்கூடாது. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை.

டொமைனை அவர் பெயரில், அவர் மெயிலில், அவர் கைவசம் இருக்கும் போன் எண்ணில் வாங்குங்கள். கடையில் வேலை செய்யும் பையனின் எண்ணில் வேண்டாம், அவன் அடுத்த வருடம் திருப்பூரில் இருப்பான். உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு பாக்கிக்குப் பிடிமானமாக்குவது சிலர் செய்யும் வேலை. பக்கத்து ஊருக்குப் பேச்சு பரவும், அடுத்த வேலை வராது. வருடப் புதுப்பிப்பு, பேக்கப், சின்ன மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு வருடத் தொகை சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் 'நம்ம பையன்தானே' என்றால் இலவசமாகச் செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம், ஆனால் அவருக்கும் அந்த ஒரு பக்கத் தாள் உண்டு.

சிலருக்கு வெப்சைட்டே வேண்டாம். நாலு மேஜை மெஸ்ஸுக்குக் கூகுள் மேப்பில் சரியான நேரம், போன் எண், நல்ல பத்துப் படம் இருந்தால் போதும். அதை வெளிப்படையாகச் சொல்லி, அதைச் செய்துகொடுக்க ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொள்ளுங்கள்.

திறப்புக்கு எல்லாரும் நாள் பார்ப்பார்கள். ஆடியில் தொடங்கமாட்டார்கள், மார்கழியிலும் தயங்குவார்கள், விஜயதசமி என்றால் மூன்று பேரும் ஒரே நாளைக் கேட்பார்கள். இதை எதிர்க்காமல் உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். ஆடியைப் படம் எடுக்கவும் விவரம் சேர்க்கவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் டொமைன் மாற்றம் நல்ல நேரம் பார்த்து நடக்காது. எல்லா இடத்துக்கும் போய்ச்சேர ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். அதனால் முன்பே எல்லாவற்றையும் மாற்றி, 'விரைவில்' என்று ஒரு பக்கத்தை நிறுத்திவையுங்கள். ராகு காலம் போனதும் வீட்டுப் பெரியவர் கையால் ஒரு பட்டனைத் தட்டச் சொன்னால் தளம் திறக்கட்டும்.

எதை முதலில் என்று கேட்டீர்கள். லாட்ஜை எடுங்கள். விஷயம் கொஞ்சம், பலன் அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலேயே தெரியும், அந்தக் கடைசித் தவணை மற்ற இரண்டு வேலையையும் பதறாமல் பார்க்க உதவும். வாடகையை மானேஜரே மாற்றிக்கொள்ளும்படி வேர்ட்பிரஸில் செய்யுங்கள், பிளக்இன் எனும் கூடுதல் நிரல்கள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். ஸ்தபதியின் வேலை நாளாகும். ஒரு சிலை மெழுகிலிருந்து உளிவேலை முடியும்வரை கூடவே படமெடுக்கவேண்டும், அதற்கான போக்குவரத்துச் செலவையும் இப்போதே பேசிவிடுங்கள். அரிசிக்காரரை சம்பா அறுவடை நேரத்தில், தை மாதத்தில், தொந்தரவு செய்யவேண்டாம். போனே எடுக்கமாட்டார். மாசி பாதிக்கு மேல், புது அரிசி மூட்டைக்கு வந்த பிறகு போய் உட்காருங்கள்.